வீட்டில் ஒரு துகள் முடுக்கி: எதுவரை இயலும், எங்கே ஆபத்து தொடங்குகிறது

கடலூர் மஞ்சக்குப்பத்தில் என்னிடம் மாலை வேளையில் இயற்பியல் படிக்க வரும் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவன், புதுச்சேரி காந்தி வீதியின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போய், பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் படக்குழாய் ஒன்றை வாங்கி, கோணிப்பையில் சுற்றிப் பேருந்தில் கொண்டுவந்து என் வீட்டுத் திண்ணையில் வைத்தான். "சார், இதை வைத்து வீட்டிலேயே துகள் முடுக்கி செய்ய முடியுமா?" என்று கேட்டான். அவனுடைய மாமா ஏசி மெக்கானிக். அவரிடம் வேக்குவம் பம்ப் இருந்தது. மின்னழுத்தத்தைப் பல மடங்காக்கும் சுற்று ஒன்றின் படத்தையும் அவன் எங்கிருந்தோ வரைந்து வைத்திருந்தான். குழாய், வெற்றிடம், மின்னழுத்தம் ஆகிய மூன்றும் கைக்கு வந்துவிட்டன, இனி இணைப்பதுதான் பாக்கி என்பது அவன் எண்ணம்.

முடியாது என்று சொல்லி அனுப்பியிருந்தால் அது உண்மையாக இருந்திருக்காது. முடியும் என்று மட்டும் சொல்லியிருந்தால் அவனுக்கு நான் தீங்கு செய்தவனாகியிருப்பேன். துகள் முடுக்கி என்ற ஒரே பெயருக்குள் மேசைமேல் வைக்கத்தக்க கருவியும் இருக்கிறது, ஊரையே சுற்றிவரும் சுரங்கமும் இருக்கிறது. இவ்விரண்டுக்கும் இடையில் ஓரிடத்தில், கருவியின் தோற்றத்தில் எந்த மாற்றமும் இல்லாமலேயே அதன் ஆபத்தின் தன்மை அடியோடு மாறிவிடுகிறது. அந்த இடம் எது என்பதை விளக்குவதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

முதலில், முடுக்கி என்றால் என்ன? மின்னூட்டம் பெற்ற ஒரு துகளை மின்புலத்தில் விட்டால் அது தள்ளப்படும், தள்ளப்பட்டால் வேகமெடுக்கும். அடிப்படை இவ்வளவுதான். எதிர் மின்னூட்டம் கொண்ட எலக்ட்ரான் நேர்மின் தகட்டை நோக்கி ஓடுகிறது, நேர் மின்னூட்டம் கொண்ட புரோட்டான் எதிர்மின் தகட்டை நோக்கி ஓடுகிறது. ஓர் எலக்ட்ரான் 1 வோல்ட் மின்னழுத்த வேறுபாட்டைக் கடக்கும்போது பெறும் ஆற்றலை 1 எலக்ட்ரான்வோல்ட் என்கிறோம். 20,000 வோல்ட்டைக் கடந்தால் 20,000 எலக்ட்ரான்வோல்ட். இந்த அலகு மனத்தில் பதிந்துவிட்டால் முடுக்கிகளைப் பற்றிய பேச்சில் பாதி புரிந்துவிடும்.

இந்த வகையில் பார்த்தால், தமிழ்நாட்டு வீடுகளில் ஒரு காலத்தில் முடுக்கி இல்லாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. 2006ஆம் ஆண்டுக்குப் பிறகு அரசு இலவசமாக வழங்கிய 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சியின் கண்ணாடிக் குழாய் முழுமையான ஓர் எலக்ட்ரான் முடுக்கியாகும். அதன் கழுத்துப் பகுதியில் ஒரு சிறிய மின்னிழை சிவக்கச் சூடாகிறது. அந்தச் சூட்டில் எதிர்மின்வாயிலிருந்து எலக்ட்ரான்கள் வெளிவருகின்றன. முன்பக்கம் கொடுக்கப்பட்டுள்ள ஏறத்தாழ 20,000 வோல்ட் அவற்றை இழுக்கிறது. கழுத்தைச் சுற்றியுள்ள செம்புக் கம்பிச் சுருள்கள் உண்டாக்கும் காந்தப்புலம் அவற்றை இடமும் வலமும், மேலும் கீழும் வளைக்கிறது. திரையின் உட்பூச்சில் மோதும் இடத்தில் ஒளி பிறக்கிறது. மோதும் நேரத்தில் அந்த எலக்ட்ரானின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 80,000 கிலோமீட்டர், அதாவது ஒரே நொடியில் பூமியை இரண்டு முறை சுற்றிவரத்தக்க வேகம். நெடுந்தொடர் பார்த்துக்கொண்டிருந்த பாட்டிக்கு இரண்டு முழம் தொலைவில், ஒளியின் வேகத்தில் கால்பங்குக்கும் மேலான வேகத்தில் துகள்கள் ஓடிக்கொண்டிருந்தன என்பதை நினைத்துப் பார்க்கும்போது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

துகள் மூலம், முடுக்கும் மின்னழுத்தம், வெற்றிடம், வழிநடத்தும் காந்தம், மோதும் இலக்கு என்ற ஐந்தும் படக்குழாயில் இருக்கின்றன. ஜெனீவா அருகே 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள பெரும் மோதுகருவியிலும் இருப்பவை இவையே. வேறுபாடு அளவில் இருக்கிறது: அங்கே ஒரு புரோட்டான் பெறும் ஆற்றல் 6 லட்சம் கோடி எலக்ட்ரான்வோல்ட்டுக்கும் மேல்.

ஆகவே, வீட்டில் முடுக்கி இருக்கலாமா என்பது கேள்வியே அல்ல, இருந்திருக்கிறது. நாமே ஒன்றைக் கட்டத் தொடங்கும்போது எதிர்ப்படும் தடைகளும் ஆபத்துகளும் என்ன என்பதுதான் கேள்வி.

முதல் தடை வெற்றிடம். மாசிமகத்தன்று தேவனாம்பட்டினம் கடற்கரையில் சாலையிலிருந்து அலை வரை ஒருவர் நேராக ஓட முயன்றால் இரண்டடிக்கு ஒருமுறை யார் மீதாவது மோதுவார். அதே கடற்கரையில் மறுநாள் விடியற்காலையில் தடையின்றி ஓடலாம். சாதாரணக் காற்றில் விடப்பட்ட எலக்ட்ரானின் நிலை மாசிமகக் கூட்டத்தில் ஓடுபவரின் நிலைதான். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு தூரம் போவதற்குள்ளாகவே அது ஒரு மூலக்கூறில் மோதி, பெற்ற ஆற்றலை இழந்துவிடும். ஏசி மெக்கானிக்குகள் குழாயிலுள்ள ஈரத்தையும் காற்றையும் நீக்கப் பயன்படுத்தும் நல்ல பம்ப், அழுத்தத்தை வளிமண்டல அழுத்தத்தில் ஏறத்தாழ லட்சத்தில் ஒரு பங்குக்குக் கொண்டுவரும். கேட்பதற்குப் பெரிதாகத் தோன்றினாலும், அந்த நிலையில் காற்று மூலக்கூறு ஒன்று மோதலின்றிச் செல்லும் தூரம் சில மில்லிமீட்டர்தான். எலக்ட்ரானுக்குச் சில சென்டிமீட்டர் கிடைக்கும். குழாய்க்குள் இளஞ்சிவப்பும் ஊதாவுமாக அழகிய ஒளி தோன்றும், ஆனால் சீரான துகள் கற்றை கிடைக்காது. ஒரு மீட்டர் நீளக் குழாயில் துகள்கள் மோதாமல் செல்ல, அழுத்தம் வளிமண்டலத்தில் பத்துக் கோடியில் ஒரு பங்கு என்ற அளவுக்கு இறங்க வேண்டும். அதற்கு முதல் பம்புக்குப் பின்னால் எண்ணெய் ஆவியைக் கொண்டோ, மிக வேகமாகச் சுழலும் விசிறிகளைக் கொண்டோ இயங்கும் இரண்டாம் பம்ப் தேவை. விரல்ரேகை படிந்த ஓர் உலோகத் துண்டு அந்தக் குழாய்க்குள் இருந்தால், அதிலிருந்து எழும் ஆவியே நாள் கணக்கில் பம்பை ஓட வைக்கும். வீட்டில் முடுக்கி கட்ட முயன்றவர்களின் நேரத்தில் பெரும்பகுதி இந்தக் கசிவு தேடும் வேலையில்தான் போயிருக்கிறது.

வெற்றிடத்துக்கென்று ஓர் ஆபத்தும் உண்டு. காற்று ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் ஏறத்தாழ ஒரு கிலோ எடையளவு அழுத்துகிறது. 14 அங்குலத் திரையின் பரப்பு ஏறத்தாழ 600 சதுர சென்டிமீட்டர்; ஆகவே அதன் முகத்தின் மீது மட்டும் 600 கிலோ எடையளவு விசை இடைவிடாமல் அழுத்திக்கொண்டிருக்கிறது. கண்ணாடி உடைந்தால் முதலில் உள்நோக்கிச் சரியும். சரிந்த துண்டுகள் எதிர்ப்பக்கமாக ஒன்றையொன்று கடந்து வெளியே பறக்கும். படக்குழாயின் மிக மெலிந்த பகுதி அதன் கழுத்து. கோணிப்பைக்குள் அந்தக் கழுத்தை மேல்நோக்கி வைத்து, நெரிசலான பேருந்தில் மடிமீது ஏந்தி வந்திருக்கிறான் என் மாணவன். அதைக் கேட்டபோதுதான் எனக்கு உண்மையாகவே பதறியது.

இரண்டாவது, உயர் மின்னழுத்தம். இதைப் பற்றிப் புத்தகத்திலிருந்து சொல்வதைவிட நேரில் காட்டுவது மேல் என்று கருதி, திருப்பாதிரிப்புலியூரில் முப்பது ஆண்டுகளாகத் தொலைக்காட்சி பழுதுபார்த்துவரும் பெரியவர் ஒருவரிடம் அவனை அழைத்துச் சென்றேன். அவர் ஒரு பழைய பெட்டியைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு, நிறுத்தி, பிளக்கையும் உருவி எங்கள் கையில் கொடுத்தார். பிறகு நீண்ட திருப்புளி ஒன்றின் உலோகத் தண்டில் ஒரு கம்பியைச் சுற்றி, கம்பியின் மறுமுனையைக் குழாயைச் சுற்றியுள்ள வெற்றுச் செம்புப் பின்னலில் மாட்டினார். இடக்கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, வலக்கையால் திருப்புளியின் முனையைக் குழாயின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த சிவப்பு ரப்பர் மூடிக்கு அடியில் மெல்லச் செருகினார். "டப்" என்று ஒரு சத்தம். நீல வெளிச்சம் ஒன்று வெட்டி மறைந்தது. "பிளக்கப் புடுங்கிட்டா கரண்ட்டு போயிடும்னு நெனைக்காத தம்பி. டியூப்புக்குள்ளயே நிக்கும். ஒரு தடவ எடுத்தாலும் பத்தாது, கொஞ்ச நேரம் கழிச்சு திரும்பவும் ஊறும்" என்றார். சற்று நேரம் கழித்து மறுபடியும் திருப்புளியை வைத்தபோது, சிறிதாக இன்னொரு "டப்" கேட்டது.

அவர் ஊறும் என்று சொன்ன சொல் மிகச் சரியானது. குழாயின் உட்புறமும் வெளிப்புறமும் கரிப்பூச்சு உண்டு, நடுவில் கண்ணாடி. இரு கடத்திகளுக்கு நடுவே ஒரு மின்கடத்தாப் பொருள் இருப்பதுதானே மின்தேக்கி? அந்தக் கண்ணாடிக்குள் ஊடுருவி நின்ற மின்னூட்டம், முதல் வெளியேற்றத்துக்குப் பிறகு மெல்ல மெல்லப் பூச்சுக்குத் திரும்பி வருகிறது. இடக்கையை முதுகுக்குப் பின்னால் வைப்பதற்கும் காரணம் உண்டு: ஒரு கையில் நுழைந்து மறு கையில் வெளியேறும் மின்னோட்டம் மார்பைக் கடந்துதான் போக வேண்டும்.

படக்குழாயில் தேங்கும் ஆற்றல் பொதுவாக ஆளைக் கொல்லும் அளவு பெரிதல்ல, உதறித் தள்ளும். ஆனால் முடுக்கி கட்ட விரும்புவோர் பலரும் நாடுவது மைக்ரோவேவ் அடுப்பின் மின்மாற்றியை. அது தருவது 2,000 வோல்ட் அளவுதான் என்றாலும், சில நூறு மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தைத் தளராமல் தரவல்லது. இதயத்தின் துடிப்பைக் குலைக்க அதில் சிறு பகுதியே போதும். இந்த மின்மாற்றியை வெளியே எடுத்து, அதன் மின்சாரத்தால் மரப்பலகையைக் கிளை கிளையாகக் கருக்கி ஓவியம் வரைய முயன்று உயிரிழந்தவர்கள் வெளிநாடுகளில் பலர். வீட்டில் ஆர்சிடி எனப்படும் கசிவுத் துண்டிப்பான் இருக்கிறதே, அது காப்பாற்றிவிடாதா என்று என் மாணவன் கேட்டான். அது காப்பாற்றாது. அந்தத் துண்டிப்பான், வீட்டுக்குள் போகும் மின்னோட்டமும் திரும்பி வரும் மின்னோட்டமும் சமமா என்று மட்டுமே பார்க்கிறது. மின்மாற்றியின் இரண்டாம் சுருளில் சிக்கியவரின் உடல் வழியே ஓடும் மின்னோட்டம் அந்தச் சுருளுக்கே திரும்பிவிடுகிறது. முதல் சுருளின் கணக்கு சமமாகவே இருக்கிறது. துண்டிப்பானைப் பொறுத்தவரை அவர் ஒரு சாதாரண மின்விளக்கைப் போன்றவர்.

நம் ஊருக்கென்று இதில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. உலர்ந்த காற்றில், வழவழப்பான முனைகளுக்கிடையே, ஒரு சென்டிமீட்டர் இடைவெளியைத் தாண்ட ஏறத்தாழ 30,000 வோல்ட் வேண்டும் என்று பாடநூலில் படிக்கிறோம். கடலூரிலும் புதுச்சேரியிலும் அந்தக் கணக்கை நம்பி இடைவெளி விட முடியாது. கடற்காற்று கொண்டுவரும் உப்பு எல்லாப் பரப்பிலும் மெல்லிய படலமாகப் படிகிறது. மாலையில் ஈரம் ஏறியதும் அந்தப் படலம் மின்சாரத்தைக் கடத்தத் தொடங்குகிறது. கடலோர மின்கம்பங்களில் பனிக்காலத்து அதிகாலையிலோ முதல் தூறலிலோ பீங்கான் இன்சுலேட்டர்களின் மீது நீலப் பொறி ஊர்ந்து 'சர்ர்' என்று ஒலிப்பதை இங்குள்ளவர்கள் கேட்டிருப்பார்கள். பகலில் சோதித்தபோது அமைதியாக இருந்த சுற்று, இரவு எட்டு மணிக்கு நாம் பாதுகாப்பு என்று எண்ணிய பலகையின் மீதே வழிந்தோடக்கூடும்.

இதுவரை சொன்ன ஆபத்துகள் அனைத்துக்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு. அவை புலன்களுக்குத் தெரிபவை: வெட்டும், சுடும், ஒலிக்கும், நாறும், உதறும். அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவர் கண்ணையும் காதையும் கொண்டே அவற்றிலிருந்து முப்பது ஆண்டுகள் தப்பித்திருக்கிறார். இனி சொல்லப்போவது அப்படிப்பட்டதல்ல.

வேகமாக ஓடும் எலக்ட்ரான் ஒரு பொருளில் மோதித் திடீரென்று நிற்கும்போது, அதன் ஆற்றலில் ஒரு சிறு பங்கு எக்ஸ்-கதிராக வெளிப்படுகிறது. 1895ஆம் ஆண்டு நவம்பரில் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் இயற்பியலாளர் ரான்ட்ஜன் கண்டது இதைத்தான். அப்போது அவர் ஆய்வு செய்துகொண்டிருந்ததும் படக்குழாயின் மூதாதையான வெற்றிடக் குழாய்தான். ஆகவே எக்ஸ்-கதிர் என்பது எலக்ட்ரான் முடுக்கிக்குத் தற்செயலாக நேரும் கோளாறு அல்ல. அது கூடவே பிறப்பது. 20,000 வோல்ட்டில் பிறக்கும் எக்ஸ்-கதிர் மென்மையானது. படக்குழாயின் தடித்த கண்ணாடியும், அதில் சேர்க்கப்பட்டுள்ள ஈயம், பேரியம் போன்ற கனமான தனிமங்களும் அதை விழுங்கிவிடுகின்றன. 30,000 வோல்ட்டைத் தாண்டும்போது நிலைமை மாறத் தொடங்குகிறது. மின்னழுத்தத்தை இரட்டிப்பாக்கினால் பிறக்கும் கதிரின் அளவு இரண்டு மடங்கைவிட அதிகமாகக் கூடுகிறது. அதே நேரத்தில் ஒவ்வொரு கதிரின் ஊடுருவும் திறனும் கூடுகிறது. முன்பு கண்ணாடிக்குள்ளேயே அடங்கியது இப்போது வெளியே வருகிறது. இரண்டும் சேர்ந்து பெருகும்போது, மேசைமேல் அதே குழாய் அதே அமைதியுடன் இருக்க, அது எக்ஸ்-கதிர்க் கருவியாகிவிடுகிறது. என் மாணவன் வரைந்து வைத்திருந்த பெருக்கிச் சுற்று 20,000 வோல்ட்டை 60,000 அல்லது 80,000 ஆக்குவதற்கானது.

எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பல் மருத்துவமனையில் எக்ஸ்-கதிர்ப் படம் எடுக்கும் கருவி ஏறத்தாழ 70,000 வோல்ட்டில், 7 மில்லி ஆம்பியர் அளவில், நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் இயங்குகிறது. மின்னோட்டத்தையும் நேரத்தையும் பெருக்கினால் 1.4. வீட்டில் கட்டிய குழாய் அதே மின்னழுத்தத்தில், 1 மில்லி ஆம்பியர் கற்றையுடன் ஒரு நிமிடம் இயங்கினால் பெருக்கல் தொகை 60. ஒரே நிமிடத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட பற்படங்களுக்குரிய கதிர் பிறக்கிறது. அங்கே அலுமினிய வடிகட்டியும், கதிரை ஒரு சிறு வட்டத்துக்குள் அடக்கும் கூம்பும், ஈயக் கவசமும் உண்டு; இங்கே நாலாபுறமும் பரவுகிறது. சோதனையில் ஆர்வமுள்ளவர் ஒரு நிமிடத்தோடு நிறுத்துவதில்லை. கற்றை ஏன் சரியாகக் குவியவில்லை என்று குனிந்து பார்த்தபடி மாலை முழுவதும் உட்கார்ந்திருப்பார். அப்போது குழாய்க்கு மிக அருகில் இருப்பவை அவருடைய விரல்களும் கண்களும்.

இந்தக் கதிருக்குச் சூடில்லை, மணமில்லை, ஒளியில்லை. தோல் சிவக்கும் அளவுக்குப் பட்டிருந்தாலும் அந்தச் சிவப்பு நாட்கள், சில வேளை வாரங்கள் கழித்தே தோன்றும். எடிசனின் ஆய்வுக்கூடத்தில் எக்ஸ்-கதிர்க் குழாய்களைத் தம் கைகளை நீட்டியே சோதித்துவந்த கிளாரன்ஸ் டாலி, புண்கள் புற்றாகி, கைகளை இழந்து, 1904இல் இறந்தார். ஜெர்மனியின் ஹம்பர்க் நகரில் 1936இல் எழுப்பப்பட்ட நினைவுக் கல்லில், இக்கதிரோடு வேலை செய்து மாண்ட நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட மருத்துவர்கள், செவிலியர்கள், ஆய்வாளர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டன. அவர்களில் எவரும் கவனக்குறைவானவர்கள் என்று சொல்ல முடியாது. உடல் எச்சரிக்கவில்லை, அவ்வளவுதான்.

கதிர் எங்கிருந்து வரும் என்ற நம் ஊகமும் தவறலாம். 1967இல் அமெரிக்காவில் விற்பனையான சில வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகள் அளவுக்கு மீறிய எக்ஸ்-கதிரை வெளியிடுவது கண்டுபிடிக்கப்பட்டது. அது திரையிலிருந்து வரவில்லை. உயர் மின்னழுத்தத்தைச் சீராக வைத்திருப்பதற்காக உள்ளே பொருத்தியிருந்த வேறொரு வெற்றிடக் குழாயிலிருந்து, பெட்டியின் அடிப்பக்கமாக வந்தது. மறு ஆண்டே அந்த நாட்டில் இதற்கென்று தனிச் சட்டம் இயற்றப்பட்டது. தேர்ந்த பொறியாளர்களின் தொழிற்சாலையிலேயே கண்ணுக்குத் தப்பிய ஒன்று, திண்ணையில் கட்டும் கருவியில் தப்பாது என்று எப்படி உறுதி கொள்வது? இணையத்தில் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும், கதிரைக் கண்டறியும் கைகர் கருவி ஒன்றை அருகில் வைத்துக்கொண்டால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். அவற்றில் பல, மென்மையான எக்ஸ்-கதிரைத் தம் உறையைத் தாண்டி உள்ளே விடுவதே இல்லை. விட்டு விட்டுப் பாயும் கதிரைக் குறைத்தே காட்டுகின்றன. கருவி மௌனமாக இருப்பது பாதுகாப்புக்குச் சான்றாகாது.

அப்படியானால் உயர் மின்னழுத்தமே இல்லாமல் ஆற்றலைக் கூட்ட முடியாதா? முடியும், அந்த வழியைத் திறந்ததுதான் சைக்ளோட்ரான். ஊஞ்சலில் இருக்கும் குழந்தையை ஒரே தள்ளாகத் தள்ளி உயரத்துக்கு அனுப்புவதில்லை; திரும்பி வரும் நேரம் பார்த்து மெல்ல மெல்லத் தள்ளுகிறோம். துகளைக் காந்தப்புலத்தால் வட்டமாகச் சுழலவிட்டு, ஒவ்வொரு அரைச்சுற்றிலும் ஒரு சிறு தள்ளு கொடுப்பது இதன் முறை. 1931இல் அமெரிக்காவின் பெர்க்லியில் இயற்பியலாளர்கள் லாரன்சும் லிவிங்ஸ்டனும் உள்ளங்கையில் அடங்கும் கருவி ஒன்றில், 1,800 வோல்ட்டைக் கொண்டே 80,000 எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலை எட்டினார்கள். இந்தச் செய்திதான் ஆர்வலர்களை மிகவும் ஈர்க்கிறது. இயற்பியலாளர் மிச்சியோ காக்கு, தாம் பள்ளி மாணவராக இருந்தபோது கலிபோர்னியாவில் தம் வீட்டுக் கார்க் கொட்டகையில், மாறும் காந்தப்புலத்தால் எலக்ட்ரான்களை முடுக்கும் பீட்டாட்ரான் ஒன்றைக் கட்ட முயன்றதைப் பலமுறை கூறியிருக்கிறார். ஏறத்தாழ 180 கிலோ மின்மாற்றி இரும்பும், பள்ளி மைதானத்தில் குடும்பத்தோடு சுற்றிய 35 கிலோமீட்டர் செம்புக் கம்பியும் அதில் அடங்கின. பொத்தானை அழுத்தியதும் வீட்டின் ஃபியூஸ்கள் எரிந்தன என்கிறார். அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் கட்டிய 12 அங்குல சைக்ளோட்ரான் புரோட்டான்களைப் பத்து லட்சம் எலக்ட்ரான்வோல்ட்டுக்கு மேல் கொண்டுசென்றது. ஆனால் அது பல்கலைக்கழகத்தின் கூரைக்குக் கீழ், பேராசிரியர்களும் கதிர்ப் பாதுகாப்பு அலுவலர்களும் அருகிலிருக்க நடந்த வேலை. டன் கணக்கில் எடையுள்ள காந்தம், சிற்றலை வானொலியைக் குலைக்கும் அலைவெண்ணில் இயங்கும் அலையியற்றி, அதற்கான மின்சாரம் என்று பார்த்தால் இது வீட்டுக்குரிய வேலை அல்ல என்பது என் தெளிவான முடிவு. ஆற்றல் போதிய அளவு கூடினால் நியூட்ரான்களும் பிறக்கும். எக்ஸ்-கதிரைத் தடுக்கும் ஈயத்தை அவை எளிதில் கடந்துவிடும். தாம் பட்ட சில உலோகங்களையே கதிரியக்கம் உடையவையாக மாற்றவும் செய்யும்.

ஆற்றல் கூடிய கற்றையை எப்படி அடக்கி வைக்க வேண்டும் என்பதை அறிய நாம் தொலைதூரம் போக வேண்டியதில்லை. புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவில் இயங்குவதும் ஒரு நேர்கோட்டு எலக்ட்ரான் முடுக்கிதான். இவ்வகைக் கருவிகள் 60 லட்சம் எலக்ட்ரான்வோல்ட்டும் அதற்கு மேலும் ஆற்றல் தருபவை. என் உறவினர் ஒருவருக்குத் துணையாகச் சென்று அத்தகைய சிகிச்சை அறைக்கு வெளியே காத்திருந்த நாட்களில் நான் கவனித்தது அதன் கட்டுமானத்தைத்தான். கற்றை நேராகப் படக்கூடிய பக்கத்தில் சுவர் இரண்டு மீட்டர் அளவுக்குக் கான்கிரீட். உள்ளே செல்லும் வழி நேராக இல்லாமல் வளைந்து செல்கிறது. கதவு திறந்த நொடியில் கற்றை தானாகவே நின்றுவிடும். நோயாளியைத் தவிர அறைக்குள் ஒருவரும் இருப்பதில்லை, இயக்குபவர் கேமரா வழியேதான் பார்க்கிறார். இந்த ஏற்பாடுகளில் ஒன்று இல்லாமல் போனால் என்ன நேரும் என்பதற்கு 1992இல் வியட்நாமின் ஹனோய் நகரில் நடந்த விபத்து சான்று. ஆய்வு மையம் ஒன்றில், இயக்குபவர்களுக்குத் தெரியாமல் முடுக்கி அறைக்குள் சென்ற ஆய்வாளர் ஒருவர், சோதனைப் பொருளைச் சரிசெய்யக் கைகளைக் கற்றையின் பாதையில் நீட்டினார். கதவையும் கற்றையையும் இணைக்கும் ஏற்பாடு அங்கே இல்லை. பிறகு அவருடைய ஒரு கையையும், மறு கையின் சில விரல்களையும் அகற்ற வேண்டியதாயிற்று.

சட்டமும் இதையொட்டியே அமைந்திருக்கிறது. நம் நாட்டில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 1983 முதல் கதிர்வீச்சுக் கருவிகளைக் கண்காணித்து வருகிறது. பல் மருத்துவர் தம் சிறிய எக்ஸ்-கதிர்க் கருவிக்குக்கூட வாரியத்தின் இ-லோரா என்ற இணையதளத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். முடுக்கிகளுக்கான விதிகள் அதைவிடக் கடுமையானவை. பொதுமக்களில் ஒருவருக்கு இயற்கையாகக் கிடைப்பதற்கு மேல் ஓராண்டில் சேரலாம் என்று அனுமதிக்கப்பட்ட கதிரளவு 1 மில்லிசீவர்ட் மட்டுமே. ஒரு சுவரைப் பகிர்ந்துகொள்ளும் வரிசை வீடுகளில் நாம் வாழ்கிறோம். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் 70,000 வோல்ட் கதிரைப் பெருமளவு தடுத்துவிடும் என்பது உண்மைதான்; ஆனால் மரக்கதவும் சன்னலும் தகரக் கூரையும் தடுக்காது. பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு நம் சோதனையில் பங்கேற்க விருப்பமா என்று கேட்டுவிட்டு அதை நடத்த இயலாது.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது மாணவனின் முகம் வாடித்தான் போயிற்று. ஆனால் நான் அவனிடம் தடுக்க விரும்பியது 30,000 வோல்ட்டுக்கு மேலே உள்ளதையும், அதற்குக் கீழேயும் கொல்லவல்ல மின்மாற்றி போன்றவற்றைத் திறந்து கையாள்வதையும் மட்டும். மற்றவை அத்தனையும் அவனுக்கு உரியவை. மேசைப்பந்துக்கு மின்சாரம் கடத்தும் கரிப்பூச்சுப் பூசி, உட்புறம் அலுமினியத் தாள் பட்டைகள் ஒட்டிய கண்ணாடிக் கிண்ணத்தில் விட்டு, பள்ளி ஆய்வகத்தின் நிலைமின் கருவியால் ஒன்றுவிட்ட பட்டைகளுக்கு மின்னூட்டம் கொடுத்தால், பந்து ஒவ்வொரு பட்டையிலும் ஒரு தள்ளு வாங்கிச் சுற்றிச் சுற்றி வேகமெடுக்கும். முடுக்கியின் கருத்து முழுவதும் அந்தக் கிண்ணத்தில் இருக்கிறது. அடிப்புறத்தைக் கடுங்குளிராக்கி, உள்ளே நிறைந்த ஆவியில் துகள்கள் சென்ற வழியை மெல்லிய முகில் கோடாகக் காட்டும் முகில் அறை ஒன்றைக் கட்டினால், விண்ணிலிருந்து வந்து நம் உள்ளங்கையை நொடிக்கு ஒன்றிரண்டு என்ற கணக்கில் கடந்துகொண்டேயிருக்கும் மியூவான்கள் என்ற துகள்களின் தடங்களைக் கண்ணால் பார்க்கலாம். கடலூர் துறைமுகத்து ஐஸ் அந்தக் குளிருக்குப் போதாது, உப்புச் சேர்த்தாலும் சுழியத்துக்குக் கீழே 21 டிகிரியோடு நின்றுவிடும், உறைந்த கார்பன் டை ஆக்சைடான உலர்பனிக்கட்டி வேண்டும். அதைக் கையுறையின்றித் தொடக் கூடாது, மூடிய அறையில் வைக்கவும் கூடாது.

நாங்கள் முதலில் செய்தது இவை எதுவும் அல்ல. மின்னழுத்தம் மாறுவதைத் திரையில் கோடாக வரைந்து காட்டும், சிஆர்ஓ எனப்படும் அலைவுகாட்டி ஒன்று, கல்லூரி ஒன்று கழித்துக்கட்டிய பழையது, ஒரு நண்பரிடம் இருந்தது. அதுவும் எலக்ட்ரான் முடுக்கிதான்; ஆனால் ஏறத்தாழ 2,000 வோல்ட்டில் இயங்குவதால் அதில் பிறக்கும் எக்ஸ்-கதிர் கண்ணாடியைத் தாண்டுவதில்லை. மூடியைக் கழற்றாமல், பெட்டியைத் திறக்காமல், திரையின் நடுவில் ஒரு பச்சைப் புள்ளியை மட்டும் நிறுத்தினோம். 2,000 வோல்ட்டுக்கு எலக்ட்ரானின் வேகம் நொடிக்கு 26,500 கிலோமீட்டர் என்று அவனே கணக்கிட்டான். நம் பகுதி காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் பூமியின் காந்தப்புலம் இங்கே ஏறத்தாழ கிடைமட்டமாக, தெற்கிலிருந்து வடக்காக ஓடுகிறது என்று நான் நினைவூட்டினேன். அப்படியானால் கற்றை வடக்கு நோக்கிச் செல்லும்போது ஒன்றும் நேராது, கிழக்கு நோக்கித் திருப்பினால் புள்ளி கீழே இறங்க வேண்டும், 20 சென்டிமீட்டர் குழாய்க்கு 5 மில்லிமீட்டர் இறங்க வேண்டும் என்று அவன் தாளில் எழுதினான். வடக்கு நோக்கியிருந்த பெட்டியை இருவருமாகப் பிடித்து, வயர் இழுபடாமல், கடலைப் பார்த்து மெல்லத் திருப்பினோம். புள்ளி இறங்கியது. அளவுகோலை வைத்துப் பார்த்தபோது 2 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக இருந்தது. மீதி 3 மில்லிமீட்டர் எங்கே போயிற்று என்று கேட்டுக்கொண்டே அவன் பெட்டியின் பின்பக்கக் காற்றுத் துளைகள் வழியாக டார்ச் அடித்துப் பார்த்தான். குழாயைச் சுற்றி மங்கலான ஓர் உலோக உறை தெரிந்தது. "சார், இது காந்தத்தை மறைக்குதா?" என்றான்.